சிறுமி கேட்ட கேள்வி!

1955-ம் ஆண்டு. அமெரிக்காவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி ஆஸ்துமாவால் அவதிப்பட்டாள். அவள் தந்தை ஜார்ஜ் மெய்சன், ஒரு மருந்துக் கம்பெனியின் தலைவர்.

தலைமுடிக்கு அடிக்கும் 'ஸ்பிரே' போல, தன் மருந்தையும் டப்பாவில் அடைத்துத் தரக்கூடாதா என்று அவள் கேட்டாள். மறு ஆண்டே, 1956-ல், கைக்கு அடக்கமான 'இன்ஹேலர்' விற்பனைக்கு வந்தது!

இன்று நம் ஊர் மருந்துக்கடையிலும் அது கிடைக்கிறது. ஆனால், அதைச் சரியாகப் பயன்படுத்தத்தான் பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டு மருந்து

இன்ஹேலர் மருந்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வந்த இரைப்பைத் தணிப்பது. மற்றொன்று, இரைப்பு வராமல் தடுப்பது. சில டப்பாக்களில் இரண்டும் சேர்ந்திருக்கும்.

தடுப்பு மருந்தை, டாக்டர் சொன்னபடி, உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டும். "இரைப்புதான் நின்றுவிட்டதே!" என்று நாமாக நிறுத்துவது தவறு. இரைப்பு நின்றாலும் மூச்சுக்குழலின் உள்ளே வீக்கம் இருக்கும். அதை ஆற்றுவது தடுப்பு மருந்துதான்.

எடுக்கும் முறை

டப்பாவைக் குலுக்குங்கள். மூச்சை வெளியே விடுங்கள். வாயில் வைத்து உதடுகளை மூடுங்கள். மெதுவாக மூச்சை இழுத்தபடியே டப்பாவை அழுத்துங்கள். 10 எண்ணும் வரை மூச்சை அடக்குங்கள். தடுப்பு மருந்து எடுத்தால் வாய் கொப்பளியுங்கள்.

மருந்து எடுத்தும் தணியவில்லையா? பேச முடியாமல் மூச்சு வாங்குகிறதா? உதடு நீலமாகிறதா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்!

அந்தச் சிறுமி கேட்டாள். உலகத்துக்கே நன்மை கிடைத்தது. நீங்களும் டாக்டரிடம் கேளுங்கள்: "என் கையில் இருப்பது எந்த மருந்து? தினமும் எடுக்க வேண்டுமா?"