வாள் வாங்கப் போறீங்களா? கூர்மைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

"டீமன் ஸ்லேயர்" போன்ற அனிமே தொடர்களில் எல்லாம் ஒரே வீச்சில் முடிந்துவிடும். அதைப் பார்த்த சூட்டோடு இணையக் கடையில் "கட்டானா" என்று தேடினால் வாள்கள் வரிசை கட்டி நிற்கும். பளபளக்கும் அலகு, கறுப்பு உறை, பின்னல் போட்ட பிடி... படத்தில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

ஆனால் எல்லாம் ஒன்றல்ல. சில வாள்கள் சுவரில் மாட்டத்தான் லாயக்கு. அவற்றை வைத்து எதையாவது வெட்டப் போனால் அலகு முறியலாம், பிடியிலிருந்து கழன்று பறக்கலாம். அப்போது காயம் படுவது வாளைப் பிடித்தவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும்தான்.

"நல்லா கூரா இருக்குமா?" என்பதுதான் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி. உண்மையில் அது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். ஏன்?

வெட்டுப் பயிற்சி என்றால் என்ன?

ஜப்பானிய வாள்கலையில் இதன் பெயர் தமேஷிகிரி. "சோதித்து வெட்டுதல்" என்று பொருள்.

எடோ காலத்தில் சோதிக்கப்பட்டது வாள். அந்த வேலையைப் பரம்பரையாகச் செய்தது யமாடா அசாயெமோன் குடும்பம். மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட குற்றவாளிகளின் உடல்களை வெட்டிப் பார்த்து, முடிவை வாளின் அடிப்பகுதியில் பொறித்துவைக்கும் வழக்கம் இருந்தது.

இன்று சோதிக்கப்படுவது வாள் அல்ல, பிடித்திருப்பவரின் திறன். கோரைப் பாய் போன்ற தத்தாமி விரிப்பைச் சுருட்டிக் கட்டி, இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் ஒரு தாங்கியில் நிறுத்தி வெட்டுவார்கள். பாய்க்குள் மூங்கில் வைத்து வெட்டுவதும் உண்டு.

1925இல் தோயாமா ராணுவப் பள்ளியில் உருவான வாள்முறையும், அதில் பயிற்றுவித்த நகாமுரா தைசாபுரோ (1912–2003) பின்னர் வளர்த்த முறையும் இந்தப் பயிற்சிக்கு முக்கிய இடம் தருகின்றன.

மூன்று வகை வாள், மூன்று வேலை

- அலங்கார வாள்: பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகில் செய்தது. பார்க்க மட்டும்.
- இயாய்தோ: வாளை உருவுவது, வீசுவது, உறையில் இடுவது ஆகியவற்றைப் பழகுவதற்கான கூர் இல்லாத வாள். பொதுவாகத் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகம். இதைத் தீட்டிக் கூராக்கக்கூடாது. இந்த உலோகம் வெட்டின் அதிர்ச்சியைத் தாங்காது.
- வெட்டும் வாள்: கார்பன் எஃகில் செய்து, சூடேற்றிக் குளிரவைத்துப் பதப்படுத்தியது. பாயை வெட்ட ஏற்றது இது ஒன்றுதான்.

"துருப்பிடிக்காத எஃகு நல்லதுதானே? வீட்டுக் கத்திகூட அதுதானே?" என்று தோன்றலாம். கத்தி சிறியது. அது வாங்கும் அடியும் சிறியது. ஆனால் முக்கால் மீட்டர் நீளமுள்ள அலகை முழு வேகத்தில் வீசும்போது அதில் இறங்கும் அதிர்ச்சி வேறு. அலங்கார வாள்களில் பயன்படும் மலிவான எஃகு அதைத் தாங்காமல் முறியலாம்.

அமெரிக்கத் தொலைக்காட்சி விற்பனை நிகழ்ச்சி ஒன்றில் இது நேரலையிலேயே நடந்தது. வாள் எவ்வளவு உறுதி என்று காட்ட, தொகுப்பாளர் அதை மேசையில் தட்டினார். அலகு முறிந்து, நுனி அவர் மேலேயே பாய்ந்தது. அவர் எதையும் வெட்டக்கூட இல்லை. தட்டினார், அவ்வளவுதான்.

1045, 1060, 1095... இந்த எண்கள் என்ன?

விற்பனைப் பக்கங்களில் இந்த எண்களைப் பார்க்கலாம். கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் கவனியுங்கள். 1060 என்றால் எஃகில் சுமார் 0.60 விழுக்காடு கார்பன். 1095 என்றால் சுமார் 0.95 விழுக்காடு.

கார்பன் கூடக்கூட எஃகை அதிகக் கடினமாக்கலாம். கூர் நிலைத்து நிற்கும். ஆனால் பதம் சரியில்லை என்றால் எளிதில் பிளவுபடும். அதனால் புதிதாகப் பழகுவோருக்கு 1060 போன்ற நடுத்தர வகை அல்லது 5160, 9260 போன்ற வளைந்து கொடுக்கும் ஸ்ப்ரிங் எஃகு பொருத்தம்.

எண்ணைவிட முக்கியம் பதம். கட்டானாவின் மரபுவழிப் பதம் சுவாரஸ்யமானது. வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும், வெட்டும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசி, சூடேற்றித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். விளிம்பு சட்டென்று குளிர்ந்து கடினமாகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து சற்று மென்மையாக இருக்கும். அலகில் தெரியும் வெள்ளை அலைக்கோடு இந்த இரண்டும் சந்திக்கும் இடம். மலிவான வாள்களில் அந்தக் கோடு வெறும் அமிலத்தாலோ உரசலாலோ போட்ட அலங்காரமாக இருக்கலாம்.

களிமண் பூசிப் பதப்படுத்திய வாளுக்கு ஒரு குணம் உண்டு. தவறான கோணத்தில் வெட்டினால் வளைந்து, அப்படியே நின்றுவிடும். ஸ்ப்ரிங் எஃகு வாள் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். கற்றுக்கொள்ளும் காலத்தில் எது உங்களை மன்னிக்கும் என்பது தெளிவு.

பிடிக்குள் மறைந்திருப்பது

வாளின் அலகு பிடி தொடங்கும் இடத்தில் முடிவதில்லை. உள்ளேயும் நீள்கிறது. அந்தப் பகுதியை ஜப்பானியர் நக்காகோ என்பர், ஆங்கிலத்தில் டேங்.

நல்ல வாளில் அலகும் டேங்கும் ஒரே எஃகுத் துண்டு. டேங் படிப்படியாகக் குறுகி, பிடியின் நீளத்தில் பெரும்பகுதிக்குச் செல்லும். அலங்கார வாளில் பலமுறை என்ன நடக்கிறது? அலகின் அடியில் மெல்லிய கம்பி ஒன்றைப் பற்றவைத்து, கடைசியில் நட்டு போட்டு முறுக்கிவிடுவார்கள். வீசும்போது எல்லா அழுத்தமும் அந்தப் பற்றவைப்பில்தான் இறங்கும். அது விட்டால் அலகு பறக்கும்.

கட்டானாவில் டேங்கையும் பிடியையும் சேர்த்துப் பிடித்திருப்பது மெக்குகி என்ற மூங்கில் ஆணி. சுண்டுவிரலைவிட மெலிந்தது. ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைத் தட்டி வெளியே எடுத்தால் பிடியைக் கழற்றி உள்ளே பார்க்கலாம்.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேளுங்கள்: "பிடியைக் கழற்ற முடியுமா? டேங்கின் படம் இருக்கா?" பிடி பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தால், படம் காட்டத் தயங்கினால், அந்த வாளை விட்டுவிடுங்கள்.

ஜப்பானில் செய்ததையே வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் விலை வேறு உலகம். ஜப்பானில் வாள் செய்ய, உரிமம் பெற்ற கொல்லரிடம் குறைந்தது 5 ஆண்டு பயின்று, அரசாங்க உரிமமும் பெற வேண்டும். மாதத்துக்கு இரண்டு நீள வாள்கள்தான் செய்யலாம். மரபு எஃகான தமாஹகானே ஷிமானே மாநிலத்தில் உள்ள பாரம்பரிய உலையில் உருக்கப்படுகிறது. அந்த உலை 1977இல் மீண்டும் இயக்கப்பட்டது.

அதனால் ஜப்பானுக்கு வெளியே பயிற்சி செய்வோரில் பலர் சீனாவின் ஜெஜியாங் மாநிலத்தில் உள்ள லோங்சுவான் நகரத் தயாரிப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். லோங்சுவானின் வாள் செய்யும் கலை 2006இல் சீனாவின் தேசிய மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே நல்ல வாளும் உண்டு, சுவரில் மாட்டும் வாளும் உண்டு. ஊர்ப் பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது.

அப்போ ஆன்லைனில் ஆர்டர் போடலாமா?

அவசரம் வேண்டாம். சிங்கப்பூரில் வாள், ஈட்டி, கிரிஸ் போன்றவை கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள். அவற்றை நாட்டுக்குள் கொண்டுவரக் காவல்துறை உரிமப் பிரிவின் அனுமதி தேவை. முதலில் அனுமதி, பிறகுதான் ஆர்டர்.

வீட்டை விட்டு வெளியே எடுத்துச் செல்வது இன்னொரு விஷயம். சட்டபூர்வக் காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கப்படலாம். மலேசியாவிலும் இதற்கான சட்டம் கடுமையானது. அங்கே சிறைத் தண்டனை 10 ஆண்டு வரை செல்லலாம், பிரம்படியும் உண்டு.

2022 மார்ச்சில் புவாங்கோக் கிரசெண்ட்டில் ஒருவர் சாலையில் வாளை வீசிய காணொளி பலருக்கு நினைவிருக்கலாம். பொது இடத்தில் வாள் என்றால் அக்கம்பக்கத்தாருக்கு அந்த நினைவுதான் வரும். வீவக வீட்டு நடைபாதையோ கீழ்த்தளமோ பயிற்சிக்கான இடமல்ல. வாள்கலைக் குழு ஒன்றில் சேர்வதே நல்ல வழி. அங்கே இடம், ஆசிரியர், விதிமுறை எல்லாம் இருக்கும். எந்த வாள் வாங்கலாம் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

வாள் மழுங்கிடுச்சா... இல்லை, கை சரியில்லையா?

பாய் சுத்தமாக வெட்டுப்படவில்லை, நார் நாராகப் பிய்கிறது. உடனே வாளைத் தீட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

வாள் செல்லும் பாதையும் விளிம்பு பார்க்கும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு ஹசுஜி என்று பெயர். கோணம் சிறிது விலகினாலும் எவ்வளவு கூரான வாளும் பாய்க்குள் சிக்கிக்கொள்ளும். எளிய சோதனை: அதே வாளால் ஆசிரியரை ஒருமுறை வெட்டச் சொல்லுங்கள். அவருக்குச் சுத்தமாக வெட்டினால் தீட்ட வேண்டியது வாளை அல்ல.

உண்மையிலேயே மழுங்கியிருந்தால் கவனத்தில் கொள்ள வேண்டியவை:

- சாணைச் சக்கரம் கூடவே கூடாது. மின்சக்கரத்தின் சூடு விளிம்பின் பதத்தைக் கெடுத்துவிடும். எஃகு நீல நிறமாக மாறினால் சூடு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். இழந்த கடினத்தை வீட்டில் மீட்க முடியாது.
- இழுத்துத் தீட்டும் சமையலறைக் கருவியும் வேண்டாம். கட்டானாவின் விளிம்பு இலேசாக உப்பிய வளைவு கொண்டது. அந்தச் சதைப்பற்றுதான் விளிம்புக்கு வலு. கருவி அதைச் சுரண்டி V வடிவமாக்கிவிடும். முதலில் கூராகத் தெரியும், பிறகு விளிம்பு நொறுங்கத் தொடங்கும்.
- வாளை அசைக்காதீர்கள், கல்லை அசையுங்கள். துணி சுற்றிய அலகை மேசையில் அசையாதபடி பொருத்தி, வெட்டுப்படாத கையுறை அணிந்து, சிறிய தண்ணீர்க் கல்லால் தேய்ப்பது பாதுகாப்பானது.
- மார்க்கர் பேனாவால் விளிம்பில் வண்ணம் பூசுங்கள். இரண்டு முறை தேய்த்துப் பாருங்கள். வண்ணம் அழிந்த இடத்தில்தான் கல் படுகிறது. கோணம் சரியா என்பது தெரிந்துவிடும்.
- ஓர் இடத்திலேயே நிற்காதீர்கள். 1000 எண் கல்லில் தொடங்கி 2000க்குப் போகலாம். இரு பக்கமும் சம எண்ணிக்கையில், முழு நீளத்துக்கும் தேய்க்க வேண்டும். கடைசியில் தோல்பட்டையில் இழுத்து, விளிம்பில் எழும்பிய பிசிறை நீக்குங்கள்.
- விரலால் சோதிக்க வேண்டாம். ஒரு தாள் போதும்.

நுனிப் பகுதியின் வளைவு சிக்கலானது. புதியவர்கள் அதைத் தொடாமல் விடுவது நல்லது.

தாத்தா வழியில் வந்த பழைய ஜப்பானிய வாள் கையில் இருந்தால் இந்தக் குறிப்புகள் எதுவும் பொருந்தாது. அதைத் தொடக்கூடாது. அதற்கென்றே தொகிஷி எனப்படும் தீட்டும் கலைஞர்கள் பல வகைக் கற்களை வரிசையாகப் பயன்படுத்தி நாள்கணக்கில் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கொஞ்சம் எஃகு போய்விடும், திரும்ப வராது.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னும் பின்னும்

முன்: மெக்குகி ஆணியைப் பாருங்கள். விரிசல் இருந்தால், தளர்ந்திருந்தால் அன்று வெட்டு இல்லை. வாளை மெல்ல அசைத்துப் பாருங்கள். பிடியில் கடகட சத்தம் கேட்கக்கூடாது. வாள் வீசும் பாதைக்கு நேராக யாரும் நிற்கக்கூடாது. மரக்கிளை, கட்டை ஆகியவற்றை வெட்டிப் பார்க்க வேண்டாம்.

பின்: ஈரப் பாயை வெட்டிய அலகை அப்படியே உறையில் போடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் துரு சீக்கிரமே எட்டிப் பார்க்கும். உலர்ந்த துணியால் முதுகுப் பக்கமிருந்து துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். ஜப்பானியர் பயன்படுத்தும் சோஜி எண்ணெயின் வாசம் நமக்குப் பழக்கமானதுதான். அதில் இருப்பது கிராம்பு.

சுருக்கமாக

முதலில் சட்டமும் பயிற்சிக் குழுவும். அடுத்து டேங், மெக்குகி, எஃகு, பதம். கூர்மை கடைசியில்தான். மழுங்கிய வாளை மறுபடி தீட்டலாம். பிடியிலிருந்து பறந்துவிட்ட அலகை நடுவழியில் நிறுத்த முடியாது.