அயிரையும் அடித்தள மணலும்

மீன்தொட்டி அமைப்போருட் பலர், கண்ணுக்கினிய கல்லையும் கடையிற் கிடைக்கும் வடியையும் முதலில் வாங்கிப் பின்னரே மீனைத் தேர்கின்றனர். நடுநீரில் நீந்தும் மீன்களுக்கு இதனாற் பெருந்தீங்கு நேராமற் போகலாம். ஆயின், அடித்தளத்தையே உறைவிடமாகவும் உணவுக்களமாகவும் கொண்ட மீன்களுக்கு இம்முறை கேடு பயக்கும். உணவின் எச்சமும் கழிவும் இறுதியிற் சென்று படிவது அவ்விடத்திலேயாம். பிற மீன்கள் அதனை விட்டு விலகி வாழும். இவற்றுக்கு விலகிச் செல்ல வேறிடமில்லை.

அயிரை இதற்குத் தக்க சான்றாகும். குறுந்தொகையில் நாரையின் இரையாகக் கூறப்பெறும் அயிரை, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மணற்பாங்கான நன்னீர்நிலைகளில் வாழ்வது. திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றுக்களிற் கிடைத்த மீனைக்கொண்டு, பிரெஞ்சு விலங்கியலறிஞர் வலன்சியென் 1846 ஆம் ஆண்டில் இதனை விவரித்து, வெப்பத்தைச் சுட்டும் 'தேர்மாலிசு' என்னும் பெயரை இட்டார். அயிர் என்னுஞ் சொல் தமிழில் நுண்மணலைக் குறிப்பதும் ஈண்டு நினைத்தற்குரியது. அயிரை தன் மீசையிழைகளால் மணலைத் துழாவி இரை தேடும். மணலை வாயிற் கொண்டு, உண்ணத்தக்கதை உட்கொண்டு, எஞ்சியதைச் செவுள் வழியே வெளிவிடும். அஞ்சினால் மணலிற் புதையும்.

ஆகவே, உடைகல்லின் கூரிய விளிம்புகள் இதன் மீசையையும் செவுளையும் புண்படுத்தும். பருங்கற்களின் இடுக்கிற் சிக்கிய உணவோ அழுகி நோய்க்கிருமிகளை வளர்க்கும். 1 மில்லிமீற்றருக்கு மேற்படாத, உருண்டு மழுங்கிய ஆற்றுமணலே தக்கது. அதனை நீர் தெளியும்வரை கழுவி, 3 முதல் 5 சதமமீற்றர் ஆழத்திற்கு இடல் வேண்டும். ஆழம் மிகின் கீழ்ப்படையில் ஒட்சிசன் குன்றி, நச்சுத்தன்மையுள்ள ஐதரசன் சல்பைட்டு உண்டாகலாம். பவளமும் சிப்பியும் கலந்த கடற்கரை மணல் கல்சியங் காபனேற்றைக் கரைத்து நீரை வன்னீராக்கும். மணலில் வினாகிரி சில துளி விடக் குமிழிகள் எழுமாயின் அதனை விலக்குதல் நன்று.

மணல் முடிவானபின்னரே வடியை முடிவு செய்தல் வேண்டும். தட்டின்மேற் பருக்கைக்கல்லைப் பரப்பி, அதனூடே நீரைக் கீழிழுக்கும் அடித்தள வடி இங்குப் பயன்படாது. நுண்மணல் தட்டின் துளைகளை அடைக்கும். அயிரையும் ஓயாது கிளறும். காற்றுப்பம்பியால் இயங்கும் நுரைப்பஞ்சு வடியே பொருத்தமானது. வேறு வடிகளை வைப்பின், நீரை உறிஞ்சும் வாயை நுரைப்பஞ்சால் மூடாவிடின் மீன் அதனுட் புகுந்துவிடும்.

வடியின் தலையாய பணி அழுக்கைத் தடுப்பதன்று. பஞ்சிற் குடியேறும் பற்றீரியாக்கள் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை போதிய அளவு பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அதற்குமுன் மீனை விடுதல் தகாது. பஞ்சைக் குளோரீன் கலந்த குழாய்நீரிற் கழுவினால் அவை மடியும்; தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுதல் வேண்டும். தேங்கும் நைத்திரேற்றை நீக்க, வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுவதோடு மணலின் மேற்பரப்பிற் படிந்ததையும் குழாயால் உறிஞ்சியகற்றல் நன்று.

மீனின் இயல்பு மணலைத் தீர்மானிக்கின்றது. மணல் வடியைத் தீர்மானிக்கின்றது. இவ்வரிசை பிறழ்ந்ததை நீரின் தெளிவு காட்டாது. தெளிந்த நீரிலும் அயிரையின் மீசை தேய்ந்து குறுகக் காணின், குறை அடித்தளத்திலும் இருக்கலாம் என்றுணர்ந்து அதனை முதலில் ஆராய்தல் வேண்டும்.