கைவிடப்பட்ட பாதைக்கும் காவல் வேண்டும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஈஸ்ட் பிராட் டாப் என்றொரு சிறிய ரயில் பாதை உண்டு. மலைச் சுரங்கங்களிலிருந்து நிலக்கரியைக் கொண்டுவரப் போடப்பட்ட, 3 அடி அகல நேரோ கேஜ் பாதை அது. நிலக்கரிக்குக் கிராக்கி குறைந்ததும் 1956 ஏப்ரலில் ரயில் நின்றுபோனது. ஒரு பாதை மூடப்பட்டால் வழக்கமாக முதலில் காணாமல் போவது தண்டவாளம்தான். பழைய இரும்புக்கு எந்தக் காலத்திலும் விலை உண்டு. இந்தப் பாதையை வாங்கியவரும் பழைய இரும்பு வியாபாரிதான். ஆனால் அவர் அதைப் பெயர்த்து விற்கவில்லை. 1960இல் ஒரு சிறு பகுதியில் சுற்றுலா ரயில் ஓடத் தொடங்கியது. மிச்சமெல்லாம் காட்டுக்குள் போட்டது போட்டபடி கிடந்தது. இரு தண்டவாளங்களுக்கு நடுவே மரங்கள் முளைத்து ஆள் உயரம் தாண்டின. தோட்டத்தில் மாதிரி ரயில் அமைப்பவர்கள், பாழடைந்த பாதை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த பாடம் அமைவது அரிது.

மாதிரி ரயிலை வீட்டுக்குள் மேசைமேல் ஓட்டுவது ஒரு வகை. நிஜ மண்ணில், நிஜச் செடிகளுக்கு நடுவே ஓட்டுவது தோட்ட ரயில். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து லேமான் நிறுவனம் 1968இல் வெயிலும் மழையும் தாங்கும் எல்ஜிபி ரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு இந்தப் பொழுதுபோக்கு பரவலாயிற்று. அதில் தண்டவாளங்களுக்கு இடையே 45 மி.மீ. இடைவெளி. 22.5 மடங்கு சுருக்கினால் நம் ஊரில் நெடுங்காலம் ஓடிய மீட்டர் கேஜ் இந்த அகலத்துக்கு வந்துவிடும், 20.3 மடங்கு சுருக்கினால் ஈஸ்ட் பிராட் டாப்பின் 3 அடிப் பாதை. இப்படி ரயில் விடுகிறவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு: ஓடும் பாதைக்குப் பக்கத்திலேயே, எப்போதோ கைவிடப்பட்ட ஒரு கிளைப் பாதையையும் காட்ட வேண்டும். அதற்கு எளிதாகத் தோன்றும் வழி, பழைய தண்டவாளத் துண்டொன்றை மண்ணில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் இருப்பது; மழையும் களையும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கை தவறு. தோட்டத்தில் ஓடும் பாதையைவிடக் கைவிடப்பட்ட பாதைக்குத்தான் அதிகக் கவனிப்பு தேவை. இதற்கான காரணம் இயற்பியலிலும் தாவரவியலிலும் இருக்கிறது.

ஒரு பொருளின் நீளத்தை 20 மடங்கு சுருக்கினால் அதன் பரப்பு 400 மடங்கும் கனஅளவு 8,000 மடங்கும் குறையும். ஆனால் மழைத்துளியும் பூஞ்சையும் விதையும் சுருங்குவதில்லை. நிஜப் பாதையில் 18 செ.மீ. தடிமனுள்ள ஸ்லீப்பர் கட்டையை எடுத்துக்கொள்வோம். அதை மக்கச் செய்யும் பூஞ்சை மேலிருந்தும் கீழிருந்தும் நுழைந்தாலும் நடுப்பகுதியை எட்ட 9 செ.மீ. கடக்க வேண்டும். கிரியோசோட் எண்ணெய் ஊட்டிய கட்டையானால் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடிக்கும். மாதிரியில் அதே கட்டை 9 மி.மீ. தடிமன்தான்; பூஞ்சை கடக்க வேண்டியது நாலரை மி.மீ. ஈர மண்ணோடு ஒட்டிக் கிடந்தால் சில மழைக்காலங்களில் அது பொடிந்துவிடும். நிஜக் கட்டை மக்கும்போது முதலில் நுனிகள் பிளக்கின்றன, பிறகு ஆணி அடித்த இடம் தளர்கிறது, மேற்பரப்பில் நார்நாராய் வரி விழுகிறது. மாதிரிக் கட்டைக்கு அப்படிப் படிப்படியாக முதுமை அடைய நேரமே இருப்பதில்லை.

இரும்பின் கதையும் இதுதான். மாசு குறைந்த திறந்த வெளியில் சாதாரண எஃகு முதல் ஆண்டில் ஒரு பக்கத்துக்கு 25 மைக்ரான் வரை அரிக்கப்படலாம். போகப்போக வேகம் தணியும். கணக்குக்காக அதே வேகம் நீடிப்பதாகவே வைத்துக்கொண்டாலும், 13 மி.மீ. தடிமனுள்ள தண்டவாளத்தின் நடுப்பகுதி இரு பக்கமும் அரிபட்டுத் தீர 260 ஆண்டுகள் ஆகும். இருபதில் ஒரு பங்காகச் சுருக்கிய எஃகுத் தண்டவாளத்தில் அந்த நடுப்பகுதி 0.65 மி.மீ.; அது 13 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். தீர்வதற்கு முன்பே தோற்றம் கெடும். துருச் செதில் ஒன்று 1 மி.மீ. தடித்தால், மாதிரியின் கணக்கில் அது 2 செ.மீ. தடித்த பாளம். எல்ஜிபி தண்டவாளமோ பித்தளை. அது மங்கிப் பழுப்பாகுமே ஒழிய ஒருநாளும் துருப்பிடிக்காது. ஆகவே நிஜத் துருவைப் போலத் தோன்ற வேண்டுமானால் பித்தளைக்குச் சாயம்தான் பூச வேண்டும். அதிலும் நிறம் பார்த்துப் பூச வேண்டும். புதுத் துரு ஆரஞ்சு நிறம். பல்லாண்டுத் துரு கருஞ்செம்பழுப்பு. சக்கரம் ஓடும் பாதையில் பக்கவாட்டில் துரு இருந்தாலும் மேல்முகம் வெள்ளிபோல் மின்னும். ரயில் நின்ற சில நாட்களிலேயே அந்த மினுமினுப்பு போய்விடும். அந்த மேல்முகத்தைப் பார்த்ததுமே, ரயில் தெரிந்தவர்கள் பாதை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

செடிகளின் விஷயம் இன்னும் நுட்பமானது. ஓடும் பாதையில் சரளைக்கல்லின் வேலைகளில் ஒன்று தண்ணீரை வடிய விடுவது. பராமரிப்பு நின்றதும் நிலக்கரித் தூளும் உதிர்ந்த இலையும் காற்று கொண்டுவரும் மண்ணும் கற்களின் இடுக்கை நிரப்புகின்றன, ஈரம் தங்குகிறது, பாசி, புல், குத்துச்செடி, மரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தண்டவாளங்களுக்கு நடுவே நிற்கும் மரம் ஒரு நம்பகமான ஆவணம்: கடைசி ரயில் போவதற்கு முன் அது அங்கே முளைத்திருக்க முடியாது. ஆண்டுக்கு 2 மி.மீ. வளையம் என்று கொண்டால், 50 ஆண்டில் அடிமரம் 20 செ.மீ. குறுக்களவு அடையும். மாதிரியில் அது 1 செ.மீ. எனவே 1 செ.மீ. அடித்தண்டுள்ள குட்டை மரத்தைப் பாதை நடுவே நட்டால், இந்தப் பாதை செத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று என்று சொல்லாமல் சொன்னதாகும். அதன் பக்கத்தில் ஆரஞ்சு நிறப் புதுத் துருவைக் காட்டினால் இரண்டு சாட்சிகளும் முரண்படும். தானாக முளைக்கும் களைக்கு இந்தக் கணக்கு தெரியாது. 15 செ.மீ. நீளமுள்ள ஒரு களை இலை, மாதிரியின் உலகில் 3 மீட்டர் நீளமாகிவிடும். அதனால்தான் இலை மிகச் சிறுத்த தரைப்படர் தைம், மெல்ல வளரும் குட்டை பாக்ஸ்வுட் போன்றவற்றைத் தேர்ந்து நட்டு, மற்றவற்றை விடாமல் பிடுங்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இயற்கையை அதன் போக்கில் விடுவதுதானே தோட்ட ரயிலின் அழகு? சாயம் பூசி, செடியை வெட்டி, கட்டையைச் சீவி வைத்தால் அது எப்படிக் கைவிடப்பட்ட பாதையாகும்? இதற்கான விடை நிஜ அளவிலேயே கிடைக்கிறது. பெர்லின் நகரில் டெம்பல்ஹோஃப் ரயில் யார்டு 1952இல் கைவிடப்பட்டது. அந்தச் சரளைப் பரப்பில் பிர்ச் மரங்களும் ரொபீனியா மரங்களும் தாமாக வளர்ந்தன. 2000இல் அதில் சுமார் 18 ஹெக்டேர், ஷூனபெர்க் தென்வெளி இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கிடையே மரங்கள் நிற்கும் அந்தக் காட்சியைக் காக்க அங்கே ஆட்கள் வேலை செய்கிறார்கள். திறந்த புல்வெளிகள் சிலவற்றை மரம் மூடிவிடாமல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே காடாகி, ரயில் இருந்த சுவடே தெரியாமல் போகும். பாழடைதல் நிற்காமல் நடக்கும் மாற்றம். அதில் நாம் பார்க்க விரும்புவது ஒரு குறிப்பிட்ட கட்டத்தை மட்டுமே. அந்தக் கட்டத்தை நிறுத்தி வைக்க, நிஜ அளவிலேயே உழைப்பு தேவை என்றால், எல்லாம் இருபது மடங்கு விரைவில் அழியும் மாதிரியில் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு ஆட்சேபம், பொழுதுபோக்குக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பது. வேண்டும் என்பேன். 2020இல் ஓர் அறக்கட்டளை ஈஸ்ட் பிராட் டாப்பை வாங்கி, பாதையைச் சீராக்கி மீண்டும் ரயில் விடும் பணியில் இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் பாதை புதுப்பிக்கப்படும் இடமெல்லாம், தண்டவாளம் நடுவே மரம் நின்ற அந்த நிலை மறைந்துபோகும். புகைப்படம் ஒரு கோணத்தைத்தான் காட்டும். எந்த மரம் எந்தக் கட்டைக்கு நடுவே நின்றது, கரை எங்கே சரிந்தது என்பதையெல்லாம் முப்பரிமாணத்தில் பதிந்து வைக்க மாதிரிதான் தகுந்த கருவி. ஒரே சூத்திரத்தை எல்லா இடத்துக்கும் போட முடியாது என்பதாலும் இந்தக் கவனம் அவசியம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் மீட்டர் கேஜ் பாதையை மாதிரியாக்க நினைப்பவர் மரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அங்கே பாதையை மூடுவது மணல். இரும்பைத் தின்பது கடற்காற்றின் உப்பு. அழிவும் மெல்ல வரவில்லை, ஒரே இரவில் வந்தது. பென்சில்வேனியாவின் பாசியை அங்கே கொண்டுபோய் ஒட்டினால் அது பொய்.

ஆகவே கைவிடப்பட்ட பாதையை அமைக்க விரும்புகிறவர் முதலில் மூன்று விடைகளை எழுதி வைத்துக்கொள்வது நல்லது: பாதை எந்த ஆண்டு மூடப்பட்டது, ஏன் மூடப்பட்டது, பார்க்கிறவர் எந்த ஆண்டில் நின்று பார்க்கிறார். துருவின் நிறம், கட்டையின் பிளவு, மரத்தின் தடிமன் எல்லாம் அதிலிருந்தே வரும். எந்தக் களையைப் பிடுங்குவது, எதை விடுவது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இந்த வேலையைச் சில ஆண்டுகள் செய்தவருக்கு, ஓடுகிற பாதையைப் பார்க்கும் பார்வையும் மாறும். கேங்மேன்கள் அன்றாடம் நடந்து, தட்டி, இறுக்கி, களையெடுத்து வைத்திருக்கும் நிலைக்குத்தான் ரயில் பாதை என்று பெயர். அவர்கள் வருவதை நிறுத்திய நாளிலிருந்து அங்கே மிஞ்சுவது இரும்பும் மரமும் கல்லும் மட்டுமே.