கொலரா வந்த வழி

ஓர் ஊரில் தொற்றுநோய் தலைகாட்டினால், புதிதாக வந்து குடியேறியவர்கள் மீதே முதலில் பழி விழுகிறது. இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இது தெரியாததல்ல. ஒரு நோயின் தொடக்கத்தை எவ்வாறு தேடுவது என்பதை ஹெயிட்டி நாட்டின் அனுபவம் நமக்குக் கற்பிக்கிறது.

கரிபியன் கடலிலுள்ள இந்த ஏழை நாட்டை 2010 ஜனவரியில் பெரும் பூமியதிர்ச்சி தாக்கியது. தலைநகரில் இலட்சக்கணக்கானோர் கூடாரங்களில் தங்கினர். ஒக்டோபரில் கொலரா பரவியது. ஒரு நூற்றாண்டாக அங்கு பதிவாகாத நோய் அது. அகதி முகாம்களின் அசுத்தமே காரணம் எனச் சிலர் எண்ணினர். சூனியம் எனச் சந்தேகித்த கும்பல்கள், வூடு சமயப் பூசாரிகள் உட்பட 40 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றன.

றெனோ பியரூ என்ற பிரெஞ்சு வைத்தியர், எந்த ஊரில், எந்த நாளில், எத்தனை பேர் நோயுற்றனர் என்ற விபரங்களைத் திரட்டி வரைபடத்தில் குறித்தார். நோய் தொடங்கியது அகதி முகாம்களில் அல்ல. தலைநகருக்கு வெளியே, மிரபலே என்ற ஊருக்கு அருகில். அங்கே ஐ.நா. அமைதிப்படை முகாமொன்று இருந்தது. சற்று முன்னர் கொலரா பரவியிருந்த நேபாளத்திலிருந்து புதிய படையினர் அம்மாதமே அங்கு வந்திருந்தனர். முகாமின் மலக்கழிவு ஓடையில் கலந்து ஆர்ட்டிபோனிட் ஆற்றை அடைந்தது. அந்நீரையே மக்கள் குடித்தனர், வயலுக்கும் பாய்ச்சினர். இரு நாட்டுக் கிருமிகளின் மரபணுக்களும் ஏறத்தாழ ஒன்றே என 2011இல் ஆய்வு காட்டியது.

எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர்; ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். ஐ.நா. போதியளவு செய்யவில்லை என அதன் செயலாளர் நாயகம் பான் கீ மூன் 2016 டிசெம்பரில் மன்னிப்புக் கோரினார்.

இதற்காக நேபாள மக்களைப் பழிப்பது நீதியாகாது. கொலராக் கிருமியைச் சுமப்போரில் பலருக்கு நோயின் அறிகுறியே தெரிவதில்லை. கிருமி மனிதரோடு பயணம் செய்தது உண்மை. அதை ஆற்றில் சேர்த்தது பாதுகாப்பற்ற கழிவுக்குழி.

ஆகவே நாமும் மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளி அமைப்போம். வயிற்றோட்டம் பரவினால், யார், எந்த நாளில் நோயுற்றார், எந்தக் கிணற்று நீரைக் குடித்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி, சுகாதார உத்தியோகத்தரிடம் கொடுப்போம். நோயின் வழியை அடைக்கவும், குற்றமற்றவர் மீது பழி விழாமல் காக்கவும் அந்தக் கொப்பி உதவும்.