நாலு பேப்பரும் பாஸ்... ஆனா நீங்க இன்னும் சி.பி.ஏ. இல்ல!

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் எபிசோடுக்குக் காரணம் நமக்கு வந்த ஒரு மெயில். அனுப்பினவங்க சென்னையில, ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில அமெரிக்க வரிக் கணக்கு பார்க்குறாங்க. ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து படிச்சு, ஒன்றரை வருஷத்துல அமெரிக்க சி.பி.ஏ. பரீட்சையோட நாலு பேப்பரையும் முடிச்சுட்டாங்க. அன்னைக்கே லிங்க்ட்இன்ல தன் பேருக்குப் பின்னாடி ‘சி.பி.ஏ.’ன்னு போட்டுட்டாங்க. மறுநாள் மேனேஜர் தனியா கூப்பிட்டு, “வாழ்த்துகள்மா, ஆனா அந்த மூணு எழுத்தை உடனே எடுத்துடு”ன்னு சொல்லிட்டார். “நான் பாஸ் பண்ணினது பொய்யா?”ன்னு கேட்டு எழுதியிருக்காங்க.

பொய் இல்லங்க. ஆனா மேனேஜர் சொன்னது சரி. பரீட்சையில பாஸ் ஆகுறது வேற, லைசென்ஸ் வாங்குறது வேற. லைசென்ஸ் இல்லாம அந்தப் பட்டத்தைப் போட்டுக்குறது அமெரிக்க மாநிலச் சட்டங்கள்படி தப்பு. “சி.பி.ஏ. பரீட்சையில தேர்ச்சி”ன்னு போட்டுக்கலாம், அவ்வளவுதான்.

நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. லா காலேஜ்ல டிகிரி வாங்கினவுடனே கறுப்பு கோட்டு போட்டுக்கிட்டு ஹைகோர்ட்ல வாதாட முடியுமா? முடியாது. பார் கவுன்சில்ல பேரைப் பதிவு பண்ணணும். அதுவும் மாநில வாரியான பார் கவுன்சில். சி.பி.ஏ.வும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

யாரு கையில இருக்கு இந்த லைசென்ஸ்?

நம்ம ஊர் சி.ஏ.வுல எல்லாமே ஒரே கூரைக்குக் கீழ. 1949-ம் வருஷச் சட்டத்தால வந்த ஒரே இன்ஸ்டிட்யூட்தான் பரீட்சை வைக்குது, ஆர்ட்டிகிள்ஷிப் கணக்கு பார்க்குது, ப்ராக்டீஸ் சர்டிபிகேட்டும் குடுக்குது. அந்தப் பழக்கத்துலயே நாம அமெரிக்காவையும் பார்க்குறோம். குழப்பம் ஆரம்பிக்குறது அங்கதான்.

அமெரிக்காவுல சி.பி.ஏ. பரீட்சை நாடு முழுக்க ஒண்ணுதான். கேள்வித்தாள் தயாரிக்கிறது ஏ.ஐ.சி.பி.ஏ.ங்கிற தொழில்முறைச் சங்கம். நிர்வாகத்தை ஒருங்கிணைக்கிறது நாஸ்பாங்கிற அமைப்பு. சென்டர் நடத்துறது ப்ரோமெட்ரிக். ஆனா லைசென்ஸ் குடுக்குறது இவங்க மூணு பேருமே இல்ல. அது அந்தந்த மாநிலத்தோட கணக்காளர் போர்டு. ‘ஸ்டேட் போர்டு’ன்னதும் நமக்கு சமச்சீர் கல்விப் புத்தகம்தான் ஞாபகம் வரும், இது வேற! 50 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன் டி.சி., அப்புறம் குவாம், புவேர்ட்டோ ரிக்கோ மாதிரி நாலு பிரதேசங்கள், ஆக மொத்தம் 55 போர்டுகள். 55 விதிப்புத்தகங்கள்.

ஏன் இப்படின்னா, இது ஆரம்பத்துல இருந்தே மாநில விஷயம். 1896-ல நியூயார்க் மாநிலம்தான் முதன்முதலா சி.பி.ஏ. சட்டம் கொண்டுவந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியா சட்டம் போட்டுக்கிச்சு.

அதனால “சி.பி.ஏ. ஆக என்ன தகுதி?”ங்கிற கேள்விக்குப் பதிலே கிடையாது. “எந்த மாநிலத்துல?”ன்னு சேர்த்துக் கேட்டாத்தான் பதில்.

முதல் படி: படிப்பு

55 போர்டுகளா இருந்தாலும் எல்லாரும் கேட்குறது மூணு விஷயம்: படிப்பு, பரீட்சை, அனுபவம். அளவுதான் மாறும்.

படிப்புல ரெண்டு கோடு இருக்குன்னு வெச்சுக்கோங்க. பரீட்சை எழுத ஒரு கோடு, லைசென்ஸ் வாங்க இன்னொரு கோடு. பல மாநிலங்கள்ல 120 கிரெடிட் இருந்தாலே பரீட்சை எழுதலாம். லைசென்ஸுக்கு 150 வேணும்னு பல வருஷமா விதி. அமெரிக்க டிகிரி நாலு வருஷம், 120 கிரெடிட். நம்ம பி.காம். மூணு வருஷம். பொதுவா வருஷத்துக்கு 30ன்னு கணக்குப் போட்டா 90தான் வரும். எம்.காம். சேர்ந்தா 150 கிட்ட போகும். ஆனா இது நாம விரல் விட்டு எண்ணுறதால முடியுற கணக்கு இல்ல. உங்க மார்க் ஷீட், டிகிரி எல்லாத்தையும் அந்த மாநிலம் ஏத்துக்குற மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பணும். அவங்க குடுக்குற ரிப்போர்ட்தான் செல்லும்.

இன்னொரு பொறியும் இருக்கு. மொத்த கிரெடிட் மட்டும் போதாது. அதுக்குள்ள கணக்கியல் பாடம் எவ்வளவு, பிசினஸ் பாடம் எவ்வளவுன்னு தனித்தனி கணக்கு உண்டு. மொத்தம் சரியா இருந்தும், கணக்கியல்ல ரெண்டு பாடம் குறையுதுன்னு நிக்குறவங்க இருக்காங்க.

இந்த 150 விதியே இப்போ ஆட்டம் கண்டிருக்கு. 1983-ல புளோரிடாவுல முதல்ல வந்து, மெல்ல நாடு முழுக்கப் பரவின விதி இது. “அஞ்சாவது வருஷப் படிப்புக்கு யாரு காசு கட்டுறது?”ன்னு கேள்வி வர ஆரம்பிச்சு, 2025 ஜனவரியில ஒஹையோ மாநிலம் மாத்துச்சு. டிகிரி, பரீட்சை, ரெண்டு வருஷ அனுபவம் இருந்தாப் போதும்னு 2026-ல இருந்து ஒரு மாற்று வழி. வேற பல மாநிலங்களும் அதே பாதையில வருது. ஆனா அவங்க சொல்ற டிகிரி அவங்க ஊர் அளவுல. நம்ம மூணு வருஷ பி.காம். அதுக்குச் சமமான்னு மறுபடி மதிப்பீட்டு ரிப்போர்ட்தான் சொல்லணும்.

ரெண்டாவது படி: பரீட்சை

இதைப் பத்தி யூடியூப்ல நிறைய இருக்கு, அதனால சுருக்கமா. 2024-ல இருந்து புது அமைப்பு. ஆடிட், நிதிக் கணக்கியல், வரியும் ஒழுங்குமுறையும்னு மூணு பேப்பர் கட்டாயம். மூணு விருப்பப் பேப்பர்ல ஒண்ணு எடுக்கணும். ஒவ்வொண்ணும் 4 மணி நேரம். பாஸ் மார்க் 75. அது சதவீதம் இல்ல, ஸ்கேல் பண்ணின மதிப்பெண். ஒரு பேப்பர் பாஸ் ஆனா, மத்ததை முடிக்க ஒரு கால வரம்பு உண்டு. முன்னாடி 18 மாசம், இப்போ பல மாநிலங்கள்ல 30 மாசம். சென்னையிலயே எழுதலாம்.

மூணாவது படி: அனுபவம். சிக்குறது இங்கதான்

நமக்கு மெயில் போட்டவங்களும் இங்கதான் நிக்குறாங்க. பொதுவா ஒரு வருஷம், ஏறக்குறைய 2,000 மணி நேரம் வேலை அனுபவம் கேட்பாங்க. “அது எங்கிட்ட மூணு வருஷம் இருக்கே!”ன்னு தோணும். ஆனா அந்த அனுபவத்தை நடப்பு லைசென்ஸ் வெச்சிருக்குற ஒரு சி.பி.ஏ. சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும்னு மாநிலங்கள் கேட்கும்.

இப்போ உங்க டீமை நினைச்சுப் பாருங்க. உங்க மேனேஜர் யாரு? நம்ம ஊர்ல பெரும்பாலும் சி.ஏ.வா இருப்பார். அருமையான ஆளா இருக்கலாம், ஆனா அவர் கையெழுத்து அங்க செல்லுமாங்கிறது மாநிலத்தைப் பொறுத்தது. சில இடங்கள்ல நேரடி மேலாளரே சி.பி.ஏ.வா இருக்கணும். சில இடங்கள்ல விதி கொஞ்சம் தளர்வு.

என்ன வேலைங்கிறதும் மாறும். பல மாநிலங்கள் வரி, ஆலோசனை, கம்பெனி அக்கவுண்ட்ஸ் எல்லாத்தையும் ஏத்துக்கும். கலிபோர்னியாவுல பொது லைசென்ஸ் அப்படி வாங்கலாம். ஆனா ஆடிட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுற உரிமை வேணும்னா 500 மணி நேரம் அந்த வகை வேலை தனியா காட்டணும்.

இது போக ரெண்டு சின்னக் கதவு. சில மாநிலங்கள் அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேட்கும். இங்கேயே இருக்குற நமக்கு அது இருக்காது. பல மாநிலங்கள்ல தொழில் ஒழுக்கத்துக்குத் தனிப் பரீட்சையும் உண்டு. புத்தகம் பார்த்து எழுதலாம்னு லேசா நினைக்காதீங்க, 90 மார்க் கேட்குற இடங்கள் இருக்கு.

இவ்வளவு கெடுபிடி எதுக்கு?

நியாயமான கேள்வி. ஒரு கம்பெனியோட கணக்கு சரின்னு சி.பி.ஏ. கையெழுத்துப் போட்டா, முகம் தெரியாத லட்சம் பேர் அதை நம்பிப் பணம் போடுறாங்க. 2001 டிசம்பர்ல என்ரான் திவாலாச்சு. அதோட ஆடிட்டர் ஆர்தர் ஆண்டர்சன், உலகத்தோட அஞ்சு பெரிய நிறுவனங்கள்ல ஒண்ணு. 2002 ஆகஸ்ட் முடியறதுக்குள்ள அமெரிக்காவுல ஆடிட் பண்ணுற வேலையையே விட்டுட வேண்டியதாச்சு. அதோட மேல இருந்த கிரிமினல் தீர்ப்பை 2005-ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. ஆனா அதுக்குள்ள நிறுவனமே இல்ல.

பரீட்சையில வாங்கின மார்க்கை யாரும் பறிக்க மாட்டாங்க. லைசென்ஸைப் பறிக்க முடியும். அதுதான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு. அதனாலதான் வாங்கின பிறகும் தொடர் கல்வி முடிச்சுப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். கலிபோர்னியாவுல ரெண்டு வருஷத்துக்கு 80 மணி நேரம்.

அப்போ என்ன பண்ணலாம்?

நாம எல்லாரும் பண்ணுற தப்பு, முன்னாடி இருந்து போறது. கோச்சிங்ல சேர்ந்து, பரீட்சை எழுதி, கடைசியில லைசென்ஸைத் தேடுறோம். பின்னாடி இருந்து வாங்க. டாலர்ல ஒரு பைசா கட்டுறதுக்கு முன்னாடி, நீங்க நினைக்குற மாநில போர்டோட வெப்சைட்ல ‘பரீட்சைத் தகுதி’ பக்கத்தை விட்டுட்டு ‘லைசென்ஸ் தகுதி’ பக்கத்தைத் திறங்க. அஞ்சு கேள்விக்குப் பதில் எழுதிக்கோங்க: மொத்தம் எத்தனை கிரெடிட்? கணக்கியல்ல எத்தனை? அனுபவத்துல யார் கையெழுத்து போடலாம்? சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வேணுமா? ஒழுக்கப் பரீட்சை உண்டா? “ஈஸியான மாநிலம்”னு கோச்சிங் சென்டர் சொல்றது பெரும்பாலும் பரீட்சை எழுத ஈஸியான மாநிலம். ரெண்டும் ஒண்ணு இல்ல.

இன்னொண்ணும் மனசுல வெச்சுக்கோங்க. இந்த லைசென்ஸை வெச்சு இந்தியாவுல கம்பெனி ஆடிட்ல கையெழுத்துப் போட முடியாது. 2013 கம்பெனிச் சட்டப்படி அது சி.ஏ.வுக்கு மட்டும்தான்.

மெயில் அனுப்பின தோழிக்கு: கவலைப்படாதீங்க, உங்க உழைப்பு வீண் இல்ல. நாலு பேப்பர் தேர்ச்சியை வேற மாநில போர்டுக்கு மாத்திக்க வழி இருக்கு. ஒரு மாநிலத்துல லைசென்ஸ் வாங்கிட்டா, பல மாநிலங்கள்ல வேலை செய்யவும் சட்டத்துல இடம் உண்டு. நாளைக்கு ஆபீஸ் போனதும் முதல் வேலையா, உங்க மேனேஜர்கிட்டயே கேளுங்க: “சார், நம்ம டீம்ல லைசென்ஸ் இருக்குற சி.பி.ஏ. யாரு? அவங்க என் வேலையைப் பார்க்குற மாதிரி ஏதாவது ப்ராஜெக்ட்ல என்னைப் போட முடியுமா?” மூணு எழுத்தை எடுக்கச் சொன்னவரே, அதைத் திரும்பப் போட வழியும் காட்டலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரைக்கும், விதிப்புத்தகத்தைக் கடைசிப் பக்கத்துல இருந்து படிங்க!