மதர்போர்டில் பாம்பு மாதிரி நெளியும் கோடுகள்... ரேம் வேகத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

கம்ப்யூட்டரைத் திறந்து மதர்போர்டைப் பார்த்திருக்கீங்களா? பிராசஸருக்கும் ரேம் ஸ்லாட்டுக்கும் நடுவே மெல்லிய செம்புக் கோடுகள் ஓடும். நேராகப் போக இடம் இருந்தும் சில கோடுகள் நெளிந்து நெளிந்து போகும். அது அழகுக்காக இல்லை. அந்த நீளக் கணக்கு தப்பினால் கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகலாம், ஆன் ஆகாமலே போகலாம்.

கிளாக் சிக்னல் என்றால் என்ன?

ரேமில் எல்லா வேலையும் ஒரே தாளத்தில் நடக்க வேண்டும். அந்தத் தாளம் போடுவதுதான் கிளாக் சிக்னல். டிடிஆர்4-3200 ரேமை எடுத்துக்கொள்வோம். இதன் கிளாக் நொடிக்கு 160 கோடி முறை துடிக்கும். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா போகும். 3200 என்ற எண் வந்தது இப்படித்தான். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 312 பிகோ செகண்ட். ஒரு நொடியை லட்சம் கோடி பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்குதான் ஒரு பிகோ செகண்ட்!

1 செ.மீ. கூடினால் என்ன ஆகும்?

வெற்றிடத்தில் ஒளி ஒரு நானோ செகண்டில் 30 செ.மீ. போகும். சர்க்யூட் போர்டில் சிக்னலின் வேகம் கிட்டத்தட்ட அதில் பாதி, அதாவது 15 செ.மீ.தான். ஒரு கோடு மற்றதைவிட 1 செ.மீ. நீளமாக இருந்தால் சிக்னல் சுமார் 67 பிகோ செகண்ட் லேட்டாக வரும். கிடைத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே போச்சு. அதனால்தான் குட்டையான கோட்டை நெளித்து நீட்டி, ஒரே குழுவில் உள்ள கோடுகளின் நீளத்தைச் சமப்படுத்துகிறார்கள்.

கிளாக்குக்கு ஏன் இரண்டு கோடு?

கிளாக் சிக்னல் ஜோடியாகத்தான் போகும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒரே மாதிரி பாதிப்பதால், வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் சிப்புக்குக் குழப்பம் வராது. இந்த ஜோடிக்கு அடியில் கிரவுண்ட் செம்புத் தகடு இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். தகட்டில் வெட்டு இருந்தால் சிக்னலின் வடிவமே கெட்டுவிடும்.

எல்லா சிப்பும் ஒரே நேரத்தில் கேட்குமா?

கேட்காது. டிடிஆர்3 முதல், ரேம் ஸ்டிக்கில் கிளாக் கோடு ஒவ்வொரு சிப்பாகத் தொட்டுக்கொண்டே போகிறது. பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பாக நிற்கிற மாதிரி. இதற்கு 'ஃப்ளை-பை' என்று பெயர். கோட்டின் முடிவில் ரெசிஸ்டர் வைத்து, சிக்னல் எதிரொலித்துத் திரும்பாமல் தடுக்கிறார்கள். கடைசி சிப்புக்குக் கிளாக் தாமதமாக வரும் அல்லவா? அந்தத் தாமதத்தை அளந்து, ஒவ்வொரு சிப்புக்கும் டேட்டா அனுப்பும் நேரத்தை மெமரி கன்ட்ரோலரே சரிசெய்துகொள்ளும். இது 'மெமரி ட்ரெயினிங்' வேலையின் ஒரு பகுதி.

நமக்கு இதில் என்ன?

புது டிடிஆர்5 ரேம் போட்டதும் முதல் முறை ஸ்கிரீன் சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கலாம். பயந்து பவரை ஆஃப் பண்ணிடாதீங்க. ட்ரெயினிங் நடந்துகொண்டிருக்கலாம். ரேமை ஓவர்கிளாக் செய்த பிறகு புளூ ஸ்கிரீன் வந்தால், முதலில் வேகத்தைக் குறைத்துப் பாருங்க. அந்தக் கோடுகளால் தாங்க முடிகிற அளவுக்குத்தான் வேகம்!