மடியும் முடிச்சும்: உடையோடு பொருள் சுமந்த சொற்கள்

‘மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை’ என்னும் பழமொழி நம் மாணவர் பலருக்கும் அறிமுகமானது. கருத்து என்னவென்று கேட்டால், குற்றம் செய்யாதவன் அஞ்ச வேண்டியதில்லை என்று தடையின்றிச் சொல்லிவிடுவர். பழமொழியின் நேர்ப்பொருளைக் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. குழந்தையை அமர்த்திக்கொள்ளும் தொடைப்பகுதியையே அவர்கள் மடி என்று அறிந்திருக்கிறார்கள். அந்த மடி, உட்கார்ந்தால் மட்டுமே உண்டாவது. எழுந்து நின்றால் மறைந்துவிடும். வழியில் நடந்து செல்பவனுக்கு அத்தகைய மடி ஏது? அதில் கனம் எப்படி இருக்கும்?

இந்தப் பழமொழியில் வரும் மடி, இடுப்பைச் சுற்றிய ஆடையின் மடிப்பு. காசு, வெற்றிலை, சாவி, சிறு ஓலை ஆகியவற்றை அந்த மடிப்புக்குள் வைத்துச் சுருட்டிச் செருகிக்கொள்வது வழக்கம். பணம் மிகுதியாக இருந்தால் மடிப்பு புடைத்துத் தெரியும்; கள்வர் கண்ணில் படும். எனவே வழிப்பயணி அஞ்சினான். இவ்வளவு தெளிவான காட்சி இன்று வகுப்பறையில் எழுவதில்லை. ‘மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்தாற்போல’ என்பதும் இவ்வாறே. தொடையின்மேல் பூனையை உட்கார வைக்கலாம், ‘கட்டிக்கொள்ள’ முடியாது. ‘கட்டி’ என்னும் வினையெச்சமே, மடி என்பது துணி என்று காட்டிவிடுகிறது.

நம் முன்னோரின் அன்றாட உடை பெரும்பாலும் தைக்காத துணி. தைத்த உடையில் பொருளை வைக்க ஓர் இடத்தைத் தையற்காரர் முன்கூட்டியே அமைத்துவிடுகிறார். தைக்காத துணியில் அப்படி ஓர் இடம் இல்லை. உடுத்துபவரே வேண்டியபோது வேண்டிய இடத்தில் அதனை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மடித்தால் மடி, முடிந்தால் முடிச்சு, சுருக்கினால் சுருக்கு. பொருள் வைக்கும் இடத்தின் பெயர்கள் இவ்வாறு வினைகளிலிருந்து பிறந்தன. மடி, சுருக்கு, கட்டு ஆகியவற்றை முதனிலைத் தொழிற்பெயர் என்றும், தொழிலைக் குறிக்காமல் அத்தொழிலால் உண்டான பொருளைக் குறிக்கும்போது தொழிலாகுபெயர் என்றும் இலக்கண வகுப்பில் கற்பிக்கிறோம். அந்தப் பாடத்துக்கு இவற்றைவிட நல்ல எடுத்துக்காட்டுகள் கிடைப்பது அரிது.

மடியின் பொருள் வளம் பெரிது. துணியின் மடிப்பு, தொடைப்பகுதி, பசுவின் பால்மடி ஆகிய மூன்றையும் அது குறிக்கும். திருக்குறளின் 61ஆம் அதிகாரமாகிய மடியின்மையில் சோம்பலைக் குறிக்கும் சொல்லும் இதே வடிவினது. பணம் வைக்கும் துணிப்பையை மடிச்சீலை என்றனர். மலையாளத்தில் பணப்பையைச் சுட்டும் மடிச்சீல என்னும் சொல் இன்றும் வழங்குகிறது. பெண்கள் சேலையை ஏந்திக் கேட்பது மடிப்பிச்சை. இச்சொற்களை எல்லாம் மறந்த தலைமுறைக்கும் மடிக்கணினி என்னும் புதுச்சொல் தெரியும். அது மடியில் வைக்கும் கணினியா, மடிக்கக்கூடிய கணினியா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நல்லது, விடை அச்சொல்லிலேயே இருக்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது: ஊறுகாய், சுடுகாடு. ‘மடிகின்ற கணினி’ என்று பொருள்கொண்டால் அது மடிகணினி என்றே நிற்கும். இடையில் ககர ஒற்று மிகுந்திருப்பதால் மடி இங்கே பெயர்ச்சொல். ஓர் ஒற்றெழுத்து பொருளைத் தீர்மானிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

மடிக்கு அடுத்தது முடிச்சு. முந்தானை என்பது முன்றானை என்பதன் மரூஉ. முன் என்பதோடு ஆடையைக் குறிக்கும் தானை சேர்ந்தது. முந்தானையின் நுனியில் காசை வைத்து முடிந்து, அதை இடுப்பில் செருகிக்கொண்டால், நடந்தாலும் குனிந்தாலும் விழாது. எடுக்க வேண்டுமானால் முடிச்சை அவிழ்க்க வேண்டும். அதற்குச் சற்று நேரம் ஆகும். செலவு செய்வதற்குமுன் ஒருமுறை எண்ணிப் பார்க்க அந்த நேரம் போதும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கணவனை ‘முந்தானையில் முடிந்துகொண்டாள்’ என்னும் வழக்கு, பணத்தைக் காத்த முறையிலிருந்து வந்ததே. வேண்டுதலுக்காக மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் பழக்கம் நம் இல்லங்களில் இன்னும் இருக்கிறது. அங்கே மட்டும் ‘முடி’ என்னும் வினை பழைய பொருளில் உயிரோடு உலவுகிறது. மற்ற இடங்களில் மாணவர்களுக்கு ‘முடி’ என்றால் தலைமயிர், அல்லது நிறைவுறுதல்.

முடிச்சில் பணம் இருந்த காலத்தில் அதைத் திருடியவன் பெயர் முடிச்சவிழ்க்கி. முடிச்சுமாறி என்றும் சொல்வர். ‘முடிச்சவிக்கி’ என்று பேச்சில் சிதைந்து, இன்று அது வெறும் வசைச்சொல்லாகக் கேட்கிறது; சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் முடிச்சின் நினைவே இல்லை. ஆங்கிலத்திலும் இப்படி ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பணப்பையை இடைவாரில் தொங்கவிட்ட காலத்தில் திருடனைப் ‘பை அறுப்பவன்’ என்னும் பொருளில் கட்பர்ஸ் என்றனர். உடையோடு பை தைக்கப்பட்ட பின்னர் அவன் பிக்பாக்கெட் ஆனான். மலாய்மொழி அவனைப் பெனியெலுக் சாக்கு என்கிறது. சட்டைப்பைக்குள் கையை நுழைப்பவன் என்பது பொருள். அவிழ்ப்பவன், அறுப்பவன், நுழைப்பவன் என்று மூன்று மொழிகளும் திருடனின் கையசைவைப் பார்த்தே பெயரிட்டிருக்கின்றன. பொருள் எங்கே இருந்தது என்பதை அந்தக் கையசைவு சொல்லிவிடுகிறது.

துணி எதுவும் இல்லாத உடலிலும் ஒன்று இருந்தது: அரைஞாண். அரை என்பது இடை. ஞாண் என்பது கயிறு. பேச்சில் அரணாக்கயிறு, அண்ணாக்கயிறு. மலையாளத்தில் அரஞ்ஞாண். தெலுங்கின் மொலதாடும் இதே அமைப்புடையது; மொல இடை, தாடு கயிறு. கோவணத்தைத் தாங்கியது இதுவே. தாயத்தும் சாவியும் இதில் தொங்கின. பிறந்த குழந்தைக்குக் கட்டப்படும் இது, இறந்தவரின் உடலிலிருந்து அறுத்தெடுக்கப்படும்.

சுருக்குப்பை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலர் தம் பாட்டியிடம் கண்டிருப்பர். வீட்டில் மிஞ்சிய துணித்துண்டுகளைக் கொண்டு கையால் தைக்கப்பட்டது அது. வெற்றிலைக்கு ஓர் அறை, பாக்குக்கு ஓர் அறை, சில்லறைக்கு ஓர் அறை என்று அமைத்து, இருபுறமும் கயிற்றை இழுத்தால் வாய் மூடும்படி செய்திருப்பர். ஒருவர் பை மற்றொருவர் பைபோல் இராது. யாழ்ப்பாணத்தில் பனையோலையில் பின்னிய கொட்டைப்பெட்டி இதே வேலையைச் செய்தது.

இனித் தைத்த உடைக்கு வருவோம். முல்லைப்பாட்டில் யவனரின் சட்டைக்கு மெய்ப்பை என்று பெயர். மெய்யை, அதாவது உடலை, இட்டுவைக்கும் பை! சட்டையைப் புதிதாகக் கண்ட கண்ணுக்கு அது பையாகவே தோன்றியிருக்கிறது. அப்படியானால் இன்றைய சட்டைப்பை என்பது பையின்மேல் தைத்த பை. அதற்கு மக்கள் வழங்கிய பெயர்கள் ஜேபி, சேப்பு, பாக்கெட். பாக்கெட் என்னும் ஒலிவடிவத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் கலந்துள்ளன: சட்டையில் இருப்பதும் பாக்கெட், பால் வருவதும் பாக்கெட். பின்னதற்குப் பொட்டலம் என்ற சொல் நம்மிடம் முன்பே இருந்தது.

ஜேபியின் வரலாறு இன்னும் சுவையானது. அது இந்தி, உருது வழியாக வந்த அரபுச் சொல், மூலவடிவம் ஜைப். ஆடையின் மார்புப்பக்கத் திறப்பையும் அங்குள்ள மடிப்பையும் அது குறித்தது. இந்தியக் கணித நூல்களில் வட்டத்தின் நாணுக்கு ஜ்யா, ஜீவா என்று பெயர்; வில்லின் நாண் என்பதே அதன் மூலப்பொருள். அரபு அறிஞர் அதனை ஜீபா என்று எடுத்துக்கொண்டனர். அரபு எழுத்தில் உயிர்க்குறிகளை எழுதாமல் விடுவது இயல்பாகையால், பின்னர் அதனைப் படித்தோர் தமக்குப் பழகிய ஜைப் என்று வாசித்தனர். 12ஆம் நூற்றாண்டில் அதனை இலத்தீனில் பெயர்த்தோர், ஆடையின் மடிப்பைக் குறிக்கும் சைனஸ் என்னும் சொல்லை இட்டனர். அதுவே கணித வகுப்பில் நாம் படிக்கும் சைன். ஆக, முக்கோணவியலில் வரும் சைன் என்பதன் சொற்பொருள் ‘மடி’. தொடக்கமோ, அரைஞாணில் இருக்கும் அதே நாண். கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நடத்தக்கூடிய பாடம் இது.

சட்டை வந்த பிறகும் நம் மக்கள் அதனை அப்படியே ஏற்கவில்லை. தம் வசதிக்கு மாற்றிக்கொண்டனர். கோடு போட்ட துணியில் தைத்த பட்டாபட்டிக் காற்சட்டையை வேட்டிக்குள் அணிந்து, அதன் பையில் பணம் வைத்தனர். பனியனிலும் பை தைத்துக்கொண்டனர். கைலியின்மேல் அணியும் அகலமான பச்சை வாரில் பணத்துக்கென்றே உறைகள் இருந்தன. மலாயாவின் பால்மரக் காடுகளில் பெண்கள் சேலைக்கோ கைலிக்கோ மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டினர். தலையில் துணி சுற்றினர். மங்கில் உறைந்த கட்டிப்பாலைச் சேர்க்க இடுப்பில் பை கட்டினர். கொசுவர்த்திச் சுருளைத் தகர டப்பாவில் இட்டுத் தொங்கவிட்டனர். எந்தக் கடையிலும் விற்காத உடை அது. அதைச் சிரிப்புக்கிடமான கோலமாகக் காட்டும் மேடை நாடகங்கள் எனக்கு உடன்பாடு அல்ல. முள், கொசு, வெயில், வேலை என்ற நான்குக்கும் உரிய விடை அந்த உடையில் இருந்தது.

கைலியையும் இங்கே நினைக்கலாம். மலாயில் காயின் பெலிக்காட் என்று வழங்கும் துணியின் பெயரில் சோழமண்டலக் கரையின் பழவேற்காடு இருக்கிறது. சாரோங் என்னும் சொல்லுக்கு மலாயில் உறை என்பது பொருள். கிரிஸ் என்னும் குத்துவாளின் உறையும் சாருங்தான். கையுறை சாருங் தாங்கான், காலுறை சாருங் காக்கி. தமிழும் மலாயும் ஒன்றையொன்று பாராமலே ஒரே வழியில் சொல்லாக்கியுள்ளன. ஆனால் சங்க அகப்பாடல்களில் ‘கையுறை’யைக் காணும் மாணவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே அது தலைவன் கையில் கொண்டுவரும் தழை முதலிய பரிசு.

இந்தச் சொற்கள் ஏன் மறைகின்றன? ஆங்கிலம் வந்து விரட்டியது என்பது நம் மேடைகளில் எளிதாகக் கிடைக்கும் விடை. என் கருத்து வேறு. பாக்கெட் என்னும் சொல் மடியை விரட்டவில்லை. மடித்துச் செருகும் கை ஓய்ந்தபோது சொல்லும் ஓய்ந்தது. முடியும் பழக்கம் நிலைத்த மஞ்சள் துணியில் சொல்லும் நிலைத்திருப்பதே இதற்குச் சான்று. ஆகவே, சொற்பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பதால் பயன் குறைவு. செயலைக் காட்ட வேண்டும். ஒரு முழத்துண்டையும் ஐந்து நாணயங்களையும் வகுப்புக்குக் கொண்டு சென்று, பையின்றி அவற்றை உடலோடு எப்படிக் கொண்டு போவது என்று மாணவரைக் கேட்டால் போதும். மடிப்பது, முடிவது, செருகுவது, சுருட்டுவது எல்லாம் அவர்கள் கையிலேயே நிகழும். பிறகு பழமொழிக்கு வரலாம்.

மற்றொரு பணி, நேரத்தோடு தொடர்புடையது. தோட்டங்களில் வாழ்ந்து இன்று அடுக்குமாடி வீடுகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருப்பவர்களுக்கு எண்பது, தொண்ணூறு வயதாகிறது. அவர்கள் உடுத்த முறையை அவர்களே செய்துகாட்ட, மாணவர் ஒளிப்பதிவு செய்யலாம். ‘இதற்கு என்ன பெயர்?’ என்று தொடங்கினால் பெரும்பாலும் ‘பை’ என்றோ ‘பாக்கெட்’ என்றோ ஒற்றை விடையே கிடைக்கும். ‘காசை எங்கே வைப்பீர்கள் பாட்டி, எப்படி வைப்பீர்கள்?’ என்று கேட்டால் கை முந்தானையைத் தேடும். வினைச்சொற்கள் தாமாக வரும். அவற்றை அவர்கள் ஒலித்தபடியே எழுத வேண்டும். எழுத்துத்தமிழுக்குத் திருத்தி எழுதினால் தரவு கெடும்.

புதிய பழக்கங்களையும் விட்டுவிடலாகாது. தேக்கா சந்தையின் மேல்மாடித் தையற்கடைகளில், பஞ்சாபி உடையின் பக்கத் தையலில் கைத்தொலைபேசிக்கு ஒரு பை வைத்துத் தரும்படி கேட்கும் இளம்பெண்களைக் காணலாம். தாலிச் சரட்டிலும் வளையலிலும் இரண்டு மூன்று ஊக்குகளை மாட்டிவைத்து, யாருக்கு எப்போது தேவைப்பட்டாலும் கழற்றிக் கொடுக்கும் பெண்கள் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. இவற்றைத் தையற்காரரும் அப்பெண்களும் தமக்குள் என்ன சொல்லிக் குறிக்கிறார்கள் என்பதையும் அதே குறிப்பேட்டில், அதே தேதியுடன், எழுதிவைக்கலாம்.